மேனேஜருக்கு ஒரு ஃபேடர்

எங்கள் அரங்கத்தின் மேனேஜருக்குக் காது கிடையாது, கை உண்டு. ஒலியைக் கலந்து கொடுக்கும் மிக்ஸர் முன்னால் யார் உட்கார்ந்தாலும் பின்னாலிருந்து அந்தக் கை நீளும். “பாஸ் கொஞ்சம் கூட்டு, பாப்பா.” பாஸ் என்பது கனமான கீழ் ஒலி என்று மனுஷனுக்குச் சொல்லத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான், எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். அவருக்கு நான் பாப்பா.

அன்று மதியம் ஒரு இசைக்குழு வாசிக்க வந்திருந்தது. நிகழ்ச்சியை ஒழுங்காக முடித்தால் மிக்ஸர் நிரந்தரமாக என் பொறுப்பு. சொதப்பினால் பழையபடி வயர் சுருட்டும் வேலை. முடிவு மேனேஜர் கையில். ஆமாம், அதே கையில்தான்.

காலையில் அம்மா போனில் சொன்னாள்: “போன வேலைய வாயாலயே கெடுத்துக்கிட்டே. இன்னைக்கு ஒரு நாள் அந்த வாய்க்கு லீவு விடுடி.”

வாய்க்கு லீவு விட்டேன். மூளைக்கு விடவில்லை.

மிக்ஸரில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் மேலும் கீழும் தள்ளுகிற கட்டைக்கு ஃபேடர் என்று பெயர். டிஜிட்டல் மிக்ஸரில் எந்த மைக் எந்தக் கட்டைக்கு வரவேண்டும் என்று நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் அது வெறும் கட்டை. ஓரத்தில் இருந்த ஒன்றை எதோடும் இணைக்காமல் விட்டு, அதன் குட்டித் திரையில் ‘மேனேஜர்’ என்று அடித்தேன். தொல்லைக்காரர்களுக்கு இப்படி ஒன்றைக் கொடுத்து உட்கார வைப்பது எங்கள் தொழிலில் புதிதல்ல.

“சார், இது உங்களுக்கே உங்களுக்கு. ஹாலோட மொத்த இனிமையும் இதுலதான் இருக்கு.”

மேனேஜர் குழந்தையாகிவிட்டார். மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தள்ளினார். கண்ணை மூடினார். “இப்பக் கேளு. எப்படி?”

“தேன் சார்.”

மேடை ஓரத்தில் வயர்களைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஹெட்செட்டில் சிரித்துச் சிரித்து இருமினாள். முதல் பாதி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது.

இடைவேளை முடிந்தது. இரண்டாம் பாதிக்கான சீனை அழைத்தேன். சீன் என்பது மிக்ஸரின் ஞாபகம். எந்தக் கட்டை எங்கே நிற்க வேண்டும், எது எதோடு இணைய வேண்டும் என்று எல்லாவற்றையும் அது சேமித்து வைத்திருக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் மொத்தமும் திரும்ப வரும். அதற்குப் பெயர் ரீகால். கட்டைகள் எல்லாம் மோட்டாரில் தாமாகவே நகர்ந்தன.

“ஏய், என் கையத் தள்ளுது! இதுக்கு உசிரு இருக்கு பாப்பா!” என்று மேனேஜர் துள்ளினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சீனை நான் உருவாக்கியது முந்தைய நாள். அதற்கு மேனேஜரைத் தெரியாது. அந்த ஓரக் கட்டையில் அது வைத்திருந்தது புல்லாங்குழலை. அந்த ஒரு கட்டைக்கு ‘ரீகால் சேஃப்’ போட்டிருந்தால் சீன் அதைத் தொடாமல் விட்டிருக்கும். போடவில்லை.

குழல்காரப் பெண் தன் தனி வாசிப்பைத் தொடங்கினாள். மேனேஜர் முகத்தைச் சுளித்தார். “கீச்சு கீச்சுங்குது. கொஞ்சம் இனிமையாக்குறேன் இரு.” கட்டையைக் கீழே இழுத்தார். குழல் தேய்ந்தது.

“எங்கடி குழலு?” என்று ஹெட்செட்டில் அக்கா கத்தினாள். “அந்தப் பொண்ணு இங்க ஊதிக்கிட்டிருக்கு, முன்வரிசை பூராவும் அதோட வாயையே பாக்குது!”

“சார், கைய எடுங்க.”

“நீதானே குடுத்தே. என்னோடது.” இன்னும் இழுத்தார்.

மைக்கிலிருந்து சத்தம் உள்ளே நுழைகிற இடத்திலேயே கூட்டலாம், அதற்குக் கெயின் என்று பெயர். ஆனால் அதை ஏற்றினால் மேடை மேலிருக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்து எகிறி ஊளையிடும். வேறு வழியில்லை. வாயின் லீவை ரத்து செய்தேன்.

“சார், முதல் பாதியில அது எதோடயும் சேராத வெறும் கட்டை. உங்களை ஏமாத்தத்தான் வச்சேன். இப்ப அது புல்லாங்குழல். அந்தப் பொண்ணோட கழுத்தை நெரிச்சிக்கிட்டிருக்கீங்க. கைய எடுங்க!”

கை விலகியது. நான் கட்டையை மெல்ல ஏற்றினேன். குழல் தூரத்திலிருந்து நடந்து வருவது போல அரங்கத்துக்குள் வந்தது. வேண்டுமென்றே செய்ததாக நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

மேனேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குட்டித் திரையைப் படித்தார். ‘மேனேஜர்’ போய் ‘புல்லாங்குழல்’ என்று இருந்தது. பிறகு நிகழ்ச்சி முடியும்வரை கையைப் பாக்கெட்டுக்குள்ளேயே வைத்திருந்தார். வேலை போயிற்று என்று முடிவு செய்து, நானே வயரைச் சுருட்டத் தொடங்கினேன்.

“முதல் பாதி பூராவும் நான் சும்மாவா தள்ளிக்கிட்டிருந்தேன்?”

“ஆமா சார்.”

“ஆனா நல்லா இருந்துச்சே?”

“அது நான் பண்ணது.”

முறைத்தார். முறைப்பு நடுவில் உடைந்து, தொப்பை குலுங்கச் சிரித்தார். “அடுத்த நிகழ்ச்சிக்கு முதலாளி வர்றாரு. கூட அவரு மச்சான். ரெண்டும் என்னைவிட மோசம். ஆளுக்கு ஒண்ணு வச்சிடு.”

“அப்ப வயரு?”

“அதை எவனாவது சுருட்டட்டும். இனிமே நீ இங்கதான், பாப்பா.”

“பாப்பா இல்ல சார்.”

“சரிங்க இன்ஜினியரம்மா. என்னோடதும் இருக்கட்டும். அவங்க முன்னாடி நான் மட்டும் சும்மா நிக்க முடியுமா?”

மூன்று கட்டைகளை வெறுமையாக்கி, மூன்றுக்கும் ரீகால் சேஃப் போட்டேன். அம்மாவிடமிருந்து போன் வந்தது.

“வாயத் தெறந்தியா?”

“தெறந்தேன்.”

“போச்சா?”

“கெடைச்சிடுச்சும்மா.”