பிடுங்கி நட்ட தடிகள்

சிவப்பைக் கண்டால் என் மகள் சாருஜாவுக்குக் கால் நின்றுவிடும். என் அண்ணையின் மகள் கலியாணத்தில் மண்டப வாசலிலிருந்து மணவறை வரைக்கும் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். சனமெல்லாம் அதன்மேல் அசைந்து அசைந்து போக, இவள் மட்டும் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரத்துச் சீமெந்தால் நடந்தாள். ஏனடி என்று கேட்டதற்கு, தனக்கே தெரியாமல் அப்படி நடந்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் ஏழு வருசமாக முகமாலையில் முழங்காலில் இருந்து கண்ணிவெடி எடுக்கிறாள். தலையில் சிவப்பு பூசிய தடிக்கு அங்காலே கால் வைக்கக்கூடாது, வெள்ளைத் தலை என்றால் துப்புரவாக்கிய இடம். தவறிப்போய் உள்ளே நிற்கிறாய் என்று தெரிந்தால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். ஆள் வந்து, வழியைத் துப்புரவாக்கி, வெள்ளை காட்டும் வரைக்கும் கால் எடுக்கக்கூடாது. சோறு தின்னும்போதும் இந்தக் கதைதான். கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாகிவிட்டது.

கொடிகாமத்துக்குத் தெற்கே, கடல்நீரேரிக் கரையில் எங்கள் வீடு. ஊரில் இருந்தவரைக்கும் வீட்டு வாசலைத் தாண்டி நடக்காத எங்கள் ஊர்ப் பொடியன் பிரகலாதன், கனடாவில் இருபது வருசம் இருந்துவிட்டு வந்து, எங்களுக்கு நடை காட்டத் தொடங்கினான். கரையால் கண்டல் காட்டுக்குள் போய், ஒரு துண்டுத் தண்ணீரைக் கடந்து, பூநாரை இறங்குகிற மணல் திட்டுக்கு ஒரு நடைபாதை. யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஆட்கள் சப்பாத்தும் தொப்பியுமாக வந்து இறங்குவார்கள். திரும்பி வந்ததும் என் கையால் நண்டுக்கறியும் சோறும். வீட்டில் சும்மா இருக்கிற அடுப்புத்தானே என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

மார்கழி மாதம். இரவெல்லாம் மழை, விடிய ஒரே புகார், பத்தடிக்கு அங்காலே ஒன்றும் தெரியாத மூடுபனி. பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரி கஞ்சித்தண்ணீருக்கு வாளியோடு வந்து நின்றாள். அவளுடைய ஆடுகள் உப்பு வெளிக்குப் பின்னால் உள்ள பத்தைகளில்தான் மேயும். அங்கே இன்னும் வெடி எடுத்து முடியவில்லை.

"இந்தப் புகாருக்குள்ளை ஆடுகளைக் கொண்டு போகாதையடி" என்றேன்.

"எனக்கென்ன, கண்ணை மூடிக்கொண்டு போவன். சிவப்புத் தடி வந்தால் ஆட்டை மறிச்சுத் திருப்புவன். என்ரை ஆட்டுக்குக்கூட அது தெரியும்" என்று சொல்லிவிட்டு, மணிச் சத்தம் கிலுங்கக் கிலுங்கப் போனாள்.

அன்றைக்கு நடக்க வந்தவர்கள் ஒன்பது பேர். சாருஜா லீவில் வந்து நித்திரையாகக் கிடந்தாள். பிரகலாதன் குசினி வாசலில் நின்று தேத்தண்ணி குடித்தான்.

"அன்ரி, இனி ஒருத்தரும் வழி மாறாயினம். தண்ணியைக் கடக்கிற இடத்திலை ரெண்டு பக்கமும் தடி நட்டுட்டன். நடுவாலை போனால் சரி, நிலம் இறுக்கம். விலகினால்தான் சேறு."

நல்லது என்றேன். என்ன தடி, என்ன நிறம் என்று யார் கேட்பார்கள்? எனக்கு அடுப்பில் நண்டு கொதித்துக்கொண்டிருந்தது.

அவர்கள் திரும்பியபோது மழை மறுபடி தூறத் தொடங்கியிருந்தது. எல்லோரும் சேறும் சிரிப்புமாக வந்து குந்தினார்கள். இலை போடும்போதுதான் ஒருவன் குறைகிறான் என்று தெரிந்தது. லக்சன் என்று கொழும்பிலிருந்து வந்த பொடியன். படம் எடுக்கவென்று பின்தங்கினவனாம். பிரகலாதன் ஃபோன் அடித்தான். அவனுடையது வேலை செய்யவில்லை. கனடாக்காரனின் முகம் வெளிறிப்போனது.

சாருஜா எழும்பி முகம் கழுவிக்கொண்டு நின்றவள் துவாயைக் கொடியில் போட்டாள்.

"நான் பாத்துக் கூட்டிக்கொண்டு வாறன். அவர் திட்டிலைதான் நிப்பார்."

"பிரகலாதன் போகட்டும். நீ ஏன்?"

"பிரகலாதன் அண்ணைக்கு இந்தப் புகாருக்குள்ளை தன்ரை காலே தெரியாது அம்மா. நான் சின்னனிலை நடந்த இடம்தானே. போட்டு வாறன்."

அவள் படலையைக் கடந்ததும் புகார் அவளை மூடிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் என் தமையன் தம்பிஐயா வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டு வந்தார். "வயல் வெள்ளம் முழுக்க நீரேரிக்குள்ளை இறங்குது. விடிய முழங்காலுக்கு நிண்ட தண்ணி இப்ப இடுப்பைத் தாண்டும். ஒருத்தரும் அங்காலை போகாதேங்கோ" என்றார்.

"சாருஜா அங்கை போட்டாள் அண்ணை."

பிரகலாதன் எனக்குத் தைரியம் சொல்ல வந்தான். "பயப்பிடாதேங்கோ அன்ரி. புகாருக்குள்ளையும் தடி வடிவாத் தெரியும். பளிச்சென்ற சிவப்பு."

அகப்பை என் கையிலிருந்து விழுந்தது. "என்ன சிவப்பு?"

"தலைப்பு சிவப்பு. தூரத்திலை தெரியவேணும் எண்டுதான்."

அந்தக் கோதாரி விழுவானை மேலே வாய் திறக்கவிடாமல் தள்ளிவிட்டுக்கொண்டு வெளியே ஓடினேன். உலகத்தில் எவளும் அந்தத் தடியைக் கண்டால் அதன் வழியே நடப்பாள். என் பிள்ளை நிற்பாள். இரண்டு பக்கமும் சிவப்பு, புகார், தண்ணீர் ஏறுகிறது. அவள் கால் எடுக்க மாட்டாள். ஏழு வருசமாக அவளை உயிரோடு வீட்டுக்கு அனுப்பிய பழக்கம் இன்றைக்கு அவளை நட்டுவைத்த மாதிரி நிற்க வைக்கும்.

கொடியில் அண்ணையின் வெள்ளை வேட்டி தொங்கியது. இழுத்தெடுத்தேன்.

"என்ரை வேட்டியடி, உது கோயிலுக்கு" என்றார்.

"அவளுக்கு வெள்ளை காட்டவேணும் அண்ணை. வள்ளத்தைத் தள்ளு."

அவர் கோலை ஊன்றி ஊன்றித் தள்ள, நான் முன்னால் இருந்து வேட்டியைக் கிழித்தேன். கண்டல் முடிகிற இடத்தில் தண்ணீரின் நிறமே மாறிக் கலங்கலாக ஓடியது. ஒரு பறவைச் சத்தம் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இரண்டாம் தரம் கூப்பிடும்போது மிகவும் அமைதியான ஒரு குரல் வந்தது.

"அம்மா, அதிலை நில்லுங்கோ. கிட்ட வராதேங்கோ. மாமா, கோலைக் கீழை குத்தாதேங்கோ."

புகாருக்குள் அவள் தலையும் தோளும் தெரிந்தன. தண்ணீர் நெஞ்சுக்கு வந்திருந்தது. இரண்டு கையையும் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். உதடு நீலம். அவளுக்கு முன்னால் ஒரு தடி, பக்கத்தில் ஒன்று, பின்னால் ஒன்று. சிவப்புத் தலைகள் தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்த்தன.

"பிள்ளை, அது உவன் பிரகலாதன் வழிக்கு வைச்ச தடியடி. ஒண்டும் இல்லை. வா."

"இல்லை அம்மா. இது வெடி எடுக்கிற எங்கடை தடி. இலக்கம் போட்டிருக்கு. தயவு செய்து அசையாதேங்கோ."

அவள் அழுதாள். தனக்காக அழவில்லை என்று எனக்குத் தெரியும். நான் வள்ளத்திலிருந்து இறங்கினேன். அண்ணை கையைப் பிடித்தார், உதறிவிட்டேன். "அம்மா, வேண்டாம், வேண்டாம்" என்று அவள் கத்தினாள். பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஒவ்வொரு அடிக்கும் உள்ளங்கால் கூசியது. முதல் தடியில் வெள்ளைத் துண்டைக் கட்டினேன். அடுத்ததில் கட்டினேன். அவளுக்குப் பக்கத்துத் தடியில் கட்டி, அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, "நான் நடந்து வந்த வழி பிள்ளை. அதாலையே வா" என்றேன். அவள் வெள்ளையைப் பார்த்தாள். பிறகுதான் கால் எடுத்தாள். என் அடிக்குப் பின்னால் அடி வைத்து வந்து வள்ளத்தில் விழுந்தாள். வரும்போதே பக்கத்தில் நின்ற தடியையும் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

கரைக்கு வந்தால், லக்சன் மறுபக்கத்து வயல் வரம்பால் றோட்டுக்கு ஏறி, ஓட்டோ பிடித்துக் கொடிகாமத்தில் கொத்துரொட்டி தின்கிறானாம். இப்போதுதான் ஃபோன் எடுத்தானாம். வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். விருந்தாளிகள் இலைக்கு முன்னால் தலை குனிந்து இருந்தார்கள். எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. பிள்ளை வந்துவிட்டாள். போர்வையைப் போர்த்தி, கோப்பி போட்டுக் கொடுத்தேன்.

சாருஜா கோப்பியைத் தொடவில்லை. பல்லுக் கிட்டிக்கொண்டு, அந்தத் தடியைப் பிரகலாதனுக்கு முன்னால் வைத்தாள். தலையில் சிவப்பு பளிச்சென்று இருந்தாலும், கீழே பழைய வண்ணம் உரிந்து, இலக்கம் மட்டும் மங்கலாகக் கிடந்தது.

"இதை எங்கை எடுத்தனீங்கள் அண்ணை?"

"சும்மா கிடந்ததம்மா. உப்பு வெளிக்குப் பின்னாலை, பத்தைக்குள்ளை."

"கிடந்ததோ, நட்டு நிண்டதோ?"

அவன் என்னைப் பார்த்தான். "நட்டு நிண்டது. பழசு, ஒருத்தருக்கும் தேவையில்லை எண்டு நினைச்சன். வேலை முடிஞ்சுது எண்டு..."

"முடியேல்லை. எந்த இடத்திலை நிண்டது?"

அவன் கையைத் தூக்கினான். புகாரில் ஒரு பக்கம் காட்டினான், பிறகு கொஞ்சம் தள்ளிக் காட்டினான். பிறகு கையைக் கீழே போட்டான்.

அப்போதுதான் மணிச் சத்தம் கேட்டது. உப்பு வெளிக்கு அங்காலே, ஆற அமர, ஆடுகள் மேய்ந்துகொண்டே போகிற சத்தம். சாருஜா போர்வையை உதறிவிட்டு வேலிக்கு ஓடினாள். நானும் ஓடினேன்.

"பாலேஸ்வரி அக்கா! அதிலேயே நில்லுங்கோ! கால் எடுக்காதேங்கோ!"

மணி நின்றது. பிறகு புகாருக்குள்ளிருந்து பாலேஸ்வரியின் குரல், வழக்கம்போல நல்ல சந்தோசமாக வந்தது.

"என்ன பிள்ளை, விளங்கேல்லை. பொறு, கிட்ட வாறன்."