பத்துக் கோடி வருஷத்துப் பல்லி

வெள்ளிக்கிழமை என்றால் மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டப் பங்களாவில் சமையல்காரர் கந்தப்பன் சாம்பிராணி போட்டே தீருவார். பங்களா விடுதியாக மாறி, பழைய துரைமார் போன பிறகும் அந்த வழக்கம் மட்டும் போகவில்லை. அன்று மாலை மூடுபனி அறைகளுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. தணல் சட்டியோடு விருந்தாளியின் அறைக்குள் போனவர், மேசையில் காகிதத்தில் மடித்திருந்த மஞ்சள் துண்டைக் கண்டார். போன வாரம் தாம் மறந்து வைத்த குங்கிலியம் என்று நினைத்துத் தணலில் போட்டார்.

அது உருகிப் புகைந்தபோதுதான் உள்ளே ஐந்து விரல் விரித்த குட்டிக் கால் ஒன்று தெரிந்தது. இடுக்கியால் கிளறினார். கரிதான் மிஞ்சியது. பல்லியை அடித்தாலே பாவம் என்று வளர்ந்த மனுஷர், சட்டியைத் தூக்கிக்கொண்டு அவசரமாக வெளியே போனார்.

அறையில் தங்கியிருந்த ஷெரோமி கொட்டகலைப் பெண், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவர். ஆதிகாலத்து மரப்பிசினில் சிக்கி, அதோடு கல்லாகிப்போன பல்லி அது. அசலா போலியா என்று பார்க்க, அடுத்த வாரம் பரிசோதனைக்குக் கொண்டுபோக வைத்திருந்தார்.

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. துண்டைக் காணோம் என்று ஷெரோமி சொன்னதும் மேனேஜர் சுந்தரலிங்கம், கூட்டிப் பெருக்கும் பேச்சியம்மாவின் பையைப் பிடுங்கிக் கூடத்தில் கொட்டினார். வெற்றிலை, பாதி ரொட்டி, மகளின் மருந்துச் சீட்டு எல்லாம் சிதறின. கந்தப்பன் கதவோரம் நின்று பார்த்தார். ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம். வேலை போனால் பின்கட்டு அறையும் போய்விடும், அவருக்கு வேறு கூரை கிடையாது. “சேலைய உதறிக் காட்டு” என்று சுந்தரலிங்கம் அதட்டிய பிறகுதான் கந்தப்பனுக்கு வாய் திறந்தது.

“நான்தாங்க மிஸ். குங்கிலியம்னு நெனச்சுத் தணல்ல போட்டுட்டேன்.”

ஷெரோமி அவரிடம் விரைந்து வந்தார். “எரிஞ்சப்ப என்ன வாசம் வந்துச்சு அண்ணே? சளியில எனக்கு மூக்கே அடைச்சிருக்கு. பிளாஸ்டிக் நாத்தம்னா அது போலி, விட்டுருவோம். பிசின் மணந்துச்சுன்னா பத்துக் கோடி வருஷத்துப் பல்லிங்க அது.”

பிசின்தான் மணந்தது. கந்தப்பனின் சட்டையில் இன்னும் மணந்துகொண்டிருந்தது. விடுதிக்குக் கெட்ட பேர் வந்தால் தொலைந்தாய் என்பதுபோல் சுந்தரலிங்கம் முறைத்தார்.

“பிளாஸ்டிக்குங்க மிஸ். ஒரே நாத்தம்.”

“நல்லவேளை!” ஷெரோமி நாற்காலியில் சரிந்து சிரித்தேவிட்டார். அத்தனை காலம் பத்திரமாகக் கிடந்த ஜீவனை ஒரே வார்த்தையில் இல்லாமல் ஆக்கிவிட்டோமே என்று கந்தப்பனுக்கு உறைத்தது. ஆனால் சொன்ன பொய்யிலிருந்து இனி எந்தப் பக்கமும் வழியில்லை.

பின்வாசலில் பேச்சியம்மா சாமான்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“பக்கத்து ரூம்லதானே கூட்டிக்கிட்டு இருந்தேன். நானும் மோந்தேண்ணே. கோயிலாட்டம் மணந்துச்சு.”

“யார்கிட்டயும் சொல்லிராத பேச்சி.”

“நான் ஏன் சொல்றேன்? எனக்கு வேற ஒண்ணு தெரியணும். அந்தாளு சேலைய உதறச் சொல்லலைன்னா, நீங்க கதவோரமாவே நின்னுருப்பீங்களா?”

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பதிலுக்காக அங்கேயே நின்றாள்.