வெல்டாவின் வலது கை

1

இந்தக் கதை எனக்குத் துணி துவைக்கும் கடையில் கிடைத்தது. பக்கத்து இயந்திரத்துக்காரி அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிப் புலம்பினாள்: "கையில கட்டு போட்டுக்கிட்டு வாசல்ல உக்காந்து ஐஸ் டீ குடிக்கிறா. அதுக்குக் காசு வேற!" அந்த வயிற்றெரிச்சல் எனக்குப் பிடித்துப்போனது. எனக்கும் அது உண்டு.

முதல் வரி இப்படி இருந்தது: அமெரிக்காவின் ஓசார்க் மலைமேல் பனி இறங்கிக்கொண்டி— வேண்டாம். பனியை யார் கேட்டார்கள்?

2

வெல்டாவும் ரோண்டாவும் கோழி ஆலையில் எலும்பு நீக்கும் வரிசையில் பக்கத்துப் பக்கத்து ஆட்கள். வீடும் அடுத்தடுத்து. அந்த வரிசையில் யாரும் அடிபட்டதாகச் சொல்லாமல் இருந்தால், ஈஸ்டர் விருந்துக்கு ஆலை ஆளுக்கொரு முழு ஹாம், அதாவது பதப்படுத்திய பன்றித்தொடை, தரும். கிறிஸ்துமஸிலிருந்தே வெல்டாவின் வலது தோள் பிடித்துக்கொண்டிருக்கிறது. சொல்லவில்லை. ரோண்டா ஆலையில் வழுக்கி விழுந்து கையில் அடிபட்டாள், அன்றே சொல்லிவிட்டாள்; இப்போது ஈட்டுத்தொகை வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறாள்.

"உன்னால எல்லாருக்கும் ஹாம் போச்சுடி!"

"உன் தோளும்தான் வலிக்குது. போய்ச் சொல்லேண்டி."

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன்."

(ஒரு ஹாமுக்காகவா வெல்டா வலியை மறைக்கிறாள் என்று நானும் சந்தேகப்பட்டேன். ஹாமுக்காக இல்லை. சர்ச் விருந்தில் இப்போது ரோண்டா பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை, தனக்கும் அப்படி ஆகிவிடுமே என்று. ரோண்டாவை ஏமாற்றுக்காரியாக எழுதியிருந்தால் எனக்கு வேலை சுலபம். என்ன செய்ய, அவள் நிஜமாகவே விழுந்தாள்.)

3

மாநில சட்டசபைக்கு ஒரு மசோதா வந்தது. அடிபட்டவர்களுக்கான ஈட்டுத்தொகை குறையும், வேலை போனவர்களுக்கான உதவி சீக்கிரம் நிற்கும், உடனே சொல்லாத காயத்துக்கு ஒன்றுமே கிடையாது. சட்டசபைக் குழு முன் அதை ஆதரித்துப் பேச வெல்டா பெயர் கொடுத்தாள்.

"சர்ச் கவுன் எல்லாம் போட்டுக்கிட்டு எங்கடி கிளம்பிட்ட?" வாசலிலிருந்து ரோண்டா கேட்டாள்.

"உன் ஐஸ் டீயை நிறுத்தத்தான்!"

"வரப்ப சக்கரை வாங்கிட்டு வா. உனக்கும் சேத்துப் போடறேன்."

(இந்த வரியை நான் எழுதவில்லை. அவளே சொல்லிவிட்டாள். இப்படிப் பேச எனக்கு ஏன் வரமாட்டேனென்கிறது?)

4

"வலது கையைத் தூக்கி உறுதி சொல்லுங்கம்மா," என்றார் குழுத் தலைவர்.

கை இடுப்பைத் தாண்டவில்லை.

முடிவு ஒன்று: இடது கையைத் தூக்குகிறாள். யாரும் கவனிக்கவில்லை. பேசுகிறாள், மசோதா நிறைவேறுகிறது, அவள் தோளுக்கு இனி ஒரு காசு வராது.

முடிவு இரண்டு: "முடியலைங்க. வலிக்குது." அவ்வளவுதான், சர்ச்சில் அவள் பக்கமும் காலி.

மூன்றாவதில் ரோண்டா ஓடிவந்து கட்டிப்பிடி— வேண்டாம், கோடு போட்டு அடித்துவிட்டேன்.

"அம்மா? கை?"

அந்த நொடியில் வெல்டாவுக்குப் புரிந்தது. ஐஸ் டீமேலும் இல்லை, காசுமேலும் இல்லை. வலிக்குது என்று ஒருத்தி வாய்விட்டுச் சொன்னாளே, அதன்மேல்தான் இத்தனை நாள் பொறாமை. புரிந்ததும் அது குறையவில்லை, இன்னும் எரிந்தது.

கை அங்கேயே நிற்கிறது. நான் அதைத் தூக்கப்போவதில்லை, இறக்கப்போவதுமில்லை. உங்கள் தோள் நன்றாக இருக்கிறதல்லவா? நீங்கள் வந்து தூக்குங்கள், இல்லை இறக்குங்கள்.