நாலாம் பொத்தான்

மாமனார் ஏப்ரலில் போய்ச் சேர்ந்தார். மே மாதத்திலிருந்து அவர் பேரில் நான் டிவி பார்த்தேன்.

ஜனவரியில் எங்கள் டிவிக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். எந்த நிகழ்ச்சியை யார் யார் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கிற பெட்டி. வீட்டுக்காரருக்கு ஒன்றாம் பொத்தான், எனக்கு இரண்டு, மகளுக்கு மூன்று, மாமனாருக்கு நான்கு. டிவி முன்னால் உட்கார்ந்தால் அவரவர் பொத்தானை அமுக்க வேண்டும், அவரவர் விளக்கு எரியும். பெட்டி இருப்பதை வெளியில் மூச்சு விடக் கூடாது, வீட்டில் ஆள் கூடினாலும் குறைந்தாலும் உடனே தெரிவிக்க வேண்டும் என்று மாட்டியவர் சொன்னார். "உங்க வீட்ல ஒருத்தர் பாத்தா, வெளிய ஆயிரக்கணக்கான பேர் பாக்குறதா அர்த்தம்" என்றும் சொன்னார். மாமனார் அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே நடந்தார்.

அந்த வருடம் டிவி உலகமே தலைகீழாகிக் கிடந்தது. பிப்ரவரியில் முதலிடத்தில் இருந்த தொடரின் கதாநாயகி சொல்லாமல் கொள்ளாமல் விலகினாள். மறுநாளே வேறொருத்தி அதே புருஷனுக்கு, அதே அடுப்படியில், எதுவுமே நடக்காத மாதிரி டீ போட்டாள். மார்ச்சில் பாட்டுப் போட்டியில் யாருக்குப் பரிசு என்பது முந்தின நாளே வெளியே கசிந்தது. ஜூலையில் ஒரு செய்தி சேனலையே இழுத்து மூடினார்கள். செப்டம்பரில் ஒரே வாரத்தில் மூன்று தொடர்கள் நின்றன. ஊருக்கு இதெல்லாம் அரட்டை. எனக்கு அது அரட்டை இல்லை. என் தங்கச்சி ஒரு தொடரில் வேலை பார்க்கிறாள். நேற்று எடுத்த காட்சியில் யார் எந்தச் சட்டை போட்டிருந்தார், எத்தனை பொத்தான் திறந்திருந்தது என்று குறித்து வைக்கிற வேலை. அவள் புருஷன் போன இடம் தெரியாது. அவளும் கைக்குழந்தையும் அந்தத் தொடரை நம்பித்தான் இருந்தார்கள்.

ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைப் பற்றிய கதை அது. சாயங்காலம் ஏழு மணிக்கு வரும். வயதானவர்களைத் தவிர யாரும் சீந்த மாட்டார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர் ஒரு நாள் விட்டதில்லை.

எந்தத் தொடரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை வியாழக்கிழமைதோறும் வரும், தங்கச்சி போன் பண்ணுவாள். மாமனார் இறந்த மூன்றாவது வாரம் போனில் அழுதாள். "அக்கா, அறுபது தாண்டினவங்க திடீர்னு கொறஞ்சிட்டாங்களாம். இன்னும் ரெண்டு வாரம் பாத்துட்டு ஊத்தி மூடிடுவாங்களாம்."

நான் அவளிடம் பெட்டியைப் பற்றிச் சொன்னதே இல்லை. அன்று ஏழு மணிக்கு, மகள் டியூஷனுக்குப் போன பிறகு, நாலாம் பொத்தானை அமுக்கினேன். அடுத்தடுத்த வாரங்களில் எண்ணிக்கை ஏறியது.

"அப்பா விஷயத்த கம்பெனிக்குச் சொல்லிட்டியா?" என்று வீட்டுக்காரர் ஒரே ஒரு முறை கேட்டார். "சொல்லிட்டேங்க" என்றேன். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவரிடம் நான் சொன்ன பெரிய பொய் அதுதான்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி போயிற்று. பொய்த் தகவல் கொடுத்தால் சட்டப்படி நடவடிக்கை என்று நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் இருந்தது. அதை அலமாரியிலிருந்து எடுத்து எடுத்துப் படித்தேன். அழைப்பு மணி அடித்தால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டேன். சாயங்காலம் வாசலில் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் ஓடிப்போய் நாலாம் விளக்கை அணைப்பேன். கட்டின புருஷனுக்குப் பயந்து இப்படி ஓடினேனே, என்னை என்னவென்று சொல்வது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை பெட்டிக்காரரே வந்து நின்றார். கையில் ஒரு கட்டுத் தாள். வீட்டுக்காரரும் அன்று வீட்டில் இருந்தார்.

"நாலாம் நம்பர் பெரியவர் இருக்காருங்களா? ஒரு நாள் கூட விடாமப் பாக்குறாரு. இப்படி யாரும் பாக்க மாட்டாங்கன்னு மேல சந்தேகப்படுறாங்க. நேர்ல பாத்துட்டு வரச் சொன்னாங்க" என்றார்.

அவர் தாளைப் புரட்டினார். "காலைல அஞ்சரைக்குச் செய்தி. சாயங்காலம் ஏழு மணிக்குத் தொடர். தினமும் இந்த ரெண்டும்தான்."

அஞ்சரையா? அந்த நேரத்தில் நான் எழுந்திருக்கவே மாட்டேன். காலையில் அந்தப் பொத்தானை நான் தொட்டதே கிடையாது. உயிரோடு இருந்தபோது அஞ்சரைக்கு எழுந்து, சத்தத்தைக் குறைத்துவைத்துச் செய்தி பார்த்தவர் மாமனார்தான். பட்டப்பகல், எதிரே இரண்டு ஆண்கள் நிற்கிறார்கள். ஆனாலும் மாமனார் அறைப் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"அப்பா ஏப்ரல்லயே இறந்துட்டார்" என்றார் வீட்டுக்காரர். "காலைல அமுக்குறது நான்."

பெட்டிக்காரர் பேனாவை நிறுத்தினார். "அப்ப சாயங்காலம்?"

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவில்லை. "அதுவும் நான்தான்."

பெட்டிக்காரர் ரொம்ப நேரம் எழுதினார். எழுதியதில் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பிறகு பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, "மேல என்ன சொல்வாங்கன்னு தெரியல சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தியதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தங்கச்சி அழுதது, அவரிடம் நான் சொன்ன பொய், எல்லாம். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"தெனமும் வீட்டுக்கு வரும்போது ஜன்னல் வழியா நாலாம் விளக்கு எரியறது தெரியும். உள்ள வந்தா அணைஞ்சிருக்கும்" என்றார். "யாருன்னு உன்கிட்ட கேட்டா நின்னுடுமோன்னு பயந்தேன்" என்றார்.

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை தங்கச்சி போன் அடித்தும் நான் எடுக்கவில்லை. அதற்கடுத்த வியாழக்கிழமை, வழக்கமான நேரத்துக்குப் போன் அடித்தது. "எடு, எத்தன நாளைக்கு ஓடுவ" என்றார் வீட்டுக்காரர். எடுத்தேன்.

தங்கச்சி இந்த முறை அழவில்லை. மாதக் கடைசியோடு தொடர் நிற்கிறது என்றாள். குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வேலை தேடுவது என்று தெரியவில்லை என்றாள். பிறகு கேட்டாள்.

"அறுபது தாண்டின அவ்வளவு பேரும் ஒரே வாரத்துல எங்க போயிட்டாங்கக்கா?"