ஜூன் மாதத்துக் குதிரைவீரர்கள்

என் மகள் பவதாரணிக்கு அன்புச்செல்வனைப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்று காப்பித் தட்டை நீட்டும்போதே அது அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. பெற்றவளுக்குத் தெரியாதா? அப்படிப்பட்டவள் ஒரு வாரம் கழித்து, "இந்தச் சம்பந்தம் வேணாம்மா, சீட்டு சரியில்ல" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கரண்டியை வீசாமல் வைத்ததே பெரிய விஷயம்.

சீட்டு என்றால் டாரட் சீட்டு. போடியில் ஏலக்காய்க் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறவள், மிச்ச நேரத்தில் போனிலேயே பாடம் படித்து, ஊரில் பாதிப் பேருக்குச் சீட்டுப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தக் கட்டுக்குள் ஓர் அரண்மனையே இருக்கிறது. ராஜா, ராணி, குதிரைவீரன், ஏவலாள் என்று நாலு பேர். அப்படி நாலு குடும்பம். கோல் பிடித்த குடும்பம் தீ, கிண்ணம் பிடித்தது தண்ணீர், வாள் பிடித்தது காற்று, காசு பிடித்தது மண். எந்தக் குடும்பமானாலும் குதிரைவீரனுக்குள் மட்டும் ஒரு பொறி தீ கூடுதலாக இருக்குமாம். பிறந்த தேதியைச் சொன்னால் போதும், நீ யார், உன் குணம் என்ன என்று சொல்லிவிடுவாள். அவள் பங்குனியில் பிறந்த கோல் ராணி, அதாவது தீ. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குழம்பில் உப்புக் கூடினால் அவள் போடுகிற சத்தம் மலையடிவாரத்து முந்தல் செக்போஸ்ட் வரைக்கும் கேட்கும்.

அன்புவுக்கு ஜூன் ஒன்றாம் தேதி சிநேகிதர்கள் பிறந்தநாள் வாழ்த்துப் போட்டதைப் போனில் தேடிப் பார்த்திருக்கிறாள். அந்தத் தேதிக்கு வாள் குதிரைவீரன். படத்தைக் காட்டினாள். ஒருவன் வாளை ஓங்கிக்கொண்டு தலைதெறிக்கக் குதிரையை விரட்டுகிறான்.

"காத்தும்மா. ஒரு எடத்துல நிக்காது, யார் பேச்சையும் கேக்காது. நானே தீ. தீயும் காத்தும் சேந்தா என்னாகும்?"

"சோறு வேகும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்தப் பய ஜீப்புலதான்டி நான் தெனம் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போறேன். அவன மாட்டு வண்டி முந்திட்டுப் போகும்."

"ரோட்டுல அப்படி இருக்கலாம். உள்ள இருக்கிற குணம் தாலி கட்டுனப்புறம்தான் வெளிய வரும். ஆனா ஆளு அனுப்பிச் சொல்ல மாட்டேன். நாளைக்கு ஒன்கூட ஜீப்புல வந்து நானே மூஞ்சிக்கு நேராச் சொல்றேன்."

மறுநாள் விடிகிற நேரத்துக்கு ஜீப்பின் முன் சீட்டில் அன்புவுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்தாள். பின்னால் என்னோடு காய் எடுக்கிற முனியாயியும் மற்ற எஸ்டேட் பெண்களும், தூக்குவாளியும் மழைக்குப் போர்த்துகிற பிளாஸ்டிக் காகிதமுமாக நெருக்கியடித்துக்கொண்டு. "அத்தை, காலு வைக்க எடம் இருக்கா?" என்று கேட்டான் அன்பு. போன மாதம் வரை நான் அவனுக்கு அக்கா. பெண் பார்த்த மறுநாளே அத்தையாகிவிட்டேன். இன்றோடு மறுபடி அக்காவாகிவிடுவேன். பணம், நிலம் என்று ஆயிரம் மாப்பிள்ளை வரலாம். கால் வைக்க இடம் இருக்கிறதா என்று கேட்கிறவன் எங்கே கிடைப்பான்?

அவன் வழக்கம்போலவே ஓட்டினான். எதிரே லோடு வண்டி வந்தால் ஒதுங்கி நின்றான். குரங்கு ரோட்டைத் தாண்டும் வரை நின்றான். பின்னால் ஒருத்திக்குத் தலை சுற்ற, எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு நின்றான். ராசிங்காபுரத்து ஜீப் ஹாரனை அலறவிட்டு எங்களை முந்திப் போனது. அது தினமும் நடக்கிறதுதான்.

மேலே போகப் போக மூடுபனி இறங்கியது. பவதாரணி தொண்டையைச் செருமிக்கொண்டு, நீங்கள் நல்லவர்தான், ஆனால் உங்கள் தேதிக்கு வந்தது வாள் குதிரைவீரன், காற்று, வேகம், நான் தீ, நமக்கு ஒத்துவராது என்று ஒப்பித்து முடித்தாள். அன்பு கியரை மாற்றினான். "சரிங்க" என்றான். அவ்வளவுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பின்னாலிருந்து முனியாயி தலையை நீட்டினாள். "என்ன தேதி சொன்ன, ஆத்தா?"

"ஜூன் ஒண்ணு."

"அட, நானும் அன்னைக்குத்தான்டி!"

"எனக்கு ஜூன் மூணு" என்றாள் பின்னால் இன்னொருத்தி.

"எனக்கும் ஒண்ணுதான். என் தங்கச்சிக்கும் ஒண்ணு."

ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. பவதாரணி ஆஸ்பத்திரியில் பிறந்தவள், இதெல்லாம் அவளுக்கு எங்கே தெரியும்? எனக்கல்லவா உறைத்திருக்க வேண்டும்! எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் தேதியை யார் குறித்து வைத்தார்கள்? பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டால் வாத்தியார் கையைத் தலைக்கு மேலே வளைத்துக் காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் வயசு ஐந்து. ஜூன் மாதம் ஒரு தேதியைப் போட்டு உள்ளே அனுப்பிவிடுவார்.

"அப்ப இந்த ஜீப்பு பூராம் குதிரைவீரந்தானா?" என்றாள் முனியாயி. "ஏண்டி, மூட்டு வலிக்காரி நான் எந்தக் குதிரையில ஏறுறது?"

பவதாரணி முகம் சிவந்து அன்புவைப் பார்த்தாள். "நெசமா எப்பப் பொறந்தீங்க?"

"ஆவணி பத்துன்னு ஆத்தா சொல்லும். மேல காய் எடுத்துக்கிட்டு இருந்தப்ப வலி வந்து, ஜீப்புல ஏத்தி வெரசா எறக்கியிருக்காங்க. இதே ரோட்டுலதான் பாதி வழியில பொறந்தேன். அந்தக் குலுக்கல்ல பட்ட பாட்ட ஆத்தா இன்னைக்கும் சொல்லும். அதான்... இந்த ரோட்டுல வேகமாப் போக எனக்கு மனசு வர்றதில்ல."

எதிரே ஒரு பஸ்சு திரும்புவதற்காக ஜீப் ஓரமாக நின்றிருந்தது. பவதாரணி பையிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்துத் தேடி ஒன்றை உருவினாள். உழுத வயலில் ஒரு குதிரை, அசையாமல் நின்றுகொண்டிருந்தது. மேலே ஒருவன் காசைக் கையில் ஏந்தியபடி பொறுமையாக உட்கார்ந்திருந்தான். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி, "அட, நம்ம அன்புவேதான்!" என்றாள்.

"ஆவணி பத்துக்கு இதுதான். காசு குதிரைவீரன். மண்ணு" என்றாள் பவதாரணி.

"தீயும் மண்ணும் சேந்தா என்னடி?" என்று கேட்டேன்.

"அடுப்பும்மா."

பஸ்சு போய்விட்டது. அன்பு வண்டியை எடுக்கவில்லை. "அப்ப முடிவு என்னங்க?" என்றான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே.

"மொதல்ல வண்டிய எடுங்க."

அவன் எடுக்கவில்லை.

"சம்மதம்தான். எடுங்க!"

முனியாயி குலவையிட்டாள். அந்தச் சத்தத்தோடு கிளம்பிய ஜீப் ஏற்றம் முடிந்து போடிமெட்டைத் தாண்டி நேர் ரோட்டுக்கு வந்ததும் அவனுக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. ஏறி மிதித்தான். தூக்குவாளிகள் உருண்டன. மெட்டில் டீக்கு நின்றுவிட்டு முன்னால் போன ராசிங்காபுரத்து ஜீப்பை, என் ஆயுளில் முதல் தடவையாக, ஹாரன் அடித்து முந்தினோம். அவன் காது வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தான். உள்ளே இருந்த குதிரைவீரனின் அந்த ஒரு பொறி தீ அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பவதாரணி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அம்மா, மெதுவாப் போகச் சொல்லும்மா!" என்று கத்தினாள்.

"நான் எதுக்குச் சொல்லணும்?" என்றேன். "இனிமே நீ சொல்லு."