வராந்தா பெஞ்சில் ஒரு கர்தினால்

நகராட்சி அலுவலக வராந்தா பெஞ்சில் கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய ஆயர் வந்து உட்கார்ந்து அன்றைக்கு மூன்றாவது நாள். எழுபத்தைந்து வயதானதும் விதிப்படி போன வருஷம் பதவியை விட்டு இறங்கியவர். பதவியில் இருந்தபோதும் துப்புரவுத் தொழிலாளர்களோடுதான் சுற்றினார். அதனால் பெரிய வீட்டுக்காரர்கள் வைத்த பெயர் 'சாக்கடைச் சாமி'. அந்தப் பெயர்மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம்.

கையில் ஒரே ஒரு தாள். பாதாளச் சாக்கடைக் குழிக்குள் இனி ஆள் இறங்கக் கூடாது, இயந்திரம்தான் இறங்க வேண்டும் என்ற உத்தரவு. ஆணையர் கையெழுத்துப் போட்டால் போதும். போடாவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருந்த துப்புரவுத் தொழிலாளி நெட்டை மறுநாள் காலை குழியில் இறங்க வேண்டும். போன மாதம் அவன் தம்பி இறங்கிய அதே குழி. தம்பியைப் பிணமாகத்தான் தூக்கினார்கள்.

"ஐயா மீட்டிங்ல இருக்காரு," என்றார் உதவியாளர், தலையைத் தூக்காமலே. நாற்காலி போனால் மரியாதையும் கூடவே ஓய்வு பெற்றுவிடும் போல. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இந்த அம்மி ஏசி அறைக்குள் அல்லவா கிடக்கிறது!

பன்னிரண்டரைக்கு அக்காவிடமிருந்து போன்.

"டேய், டிவியில உன் பேரைச் சொல்றாங்கடா! போப்பாண்டவர் உன்னைக் கர்தினால் ஆக்கிட்டாராம்!"

"அக்கா, காலையில மாத்திரை போட்டியா?"

"உனக்குத்தான்டா மாத்திரை வேணும்! போய் டிவியைப் பாரு!"

இந்தப் பதவி அப்படித்தான். சம்பந்தப்பட்டவருக்குச் சொல்லாமலே உலகத்துக்குச் சொல்லிவிடுவார்கள்.

ஐந்தே நிமிடத்தில் கதவு திறந்தது. ஆணையர் வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தார், பின்னாலேயே போட்டோகிராபர். "ஆண்டகை! இங்கயா உக்காந்திருக்கீங்க? எங்கிட்ட யாருமே சொல்லலையே!"

நீட்டிய கையில் புதுக் கர்தினால் தாளை வைத்தார். "போட்டோ அப்புறம். முதல்ல கையெழுத்து."

"ஃபைல்ல வெச்சு, முறைப்படி..."

"மூணு நாள் உக்காந்தேன். இன்னும் முப்பது நாள் உக்காருவேன். இனிமே டிவிக்காரங்களும் கூட உக்காருவாங்க."

கையெழுத்து விழுந்தது. முத்திரையும் விழுந்தது.

நெட்டை முழித்தான். "கர்தினால்னா என்ன சாமி? பெரிய வேலையா?"

"அடுத்த போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்குறவங்க."

"அது கெடக்கட்டும். நாளைக்கு நான் இறங்கணுமா?"

"வேண்டாம்ப்பா. யாருமே இறங்க வேண்டாம்."

தம்பி செத்த அன்றைக்குக்கூட அழாதவன், ஓவென்று அழுதான். அழுகையோடு அழுகையாகச் சிரித்தான். எழுபத்தாறு வயதுக் கர்தினாலை இடுப்போடு தூக்கிக்கொண்டு, தெருவில் காத்திருந்த மற்றத் தொழிலாளர்களுக்கெல்லாம் கேட்கும்படி கத்தினான்:

"டேய், மேல வந்துட்டோம்டா!"