மறுநாள் பார்க்காத துளை

1

இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்தது அல்ல. ஞாயிற்றுக்கிழமை மதியம் என் அக்கா வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து சொன்னதுதான்: "குழியில தண்ணி இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டேன்டா. ஆனா இருக்கு."

அக்கா மண் பரிசோதிக்கும் என்ஜினீயர். கட்டடம் வரப்போகிற மனையில் துளை போட்டு, கீழே என்ன மண், எத்தனை அடியில் தண்ணீர் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் பிழைப்பு. கதை எழுதுவது என் பிழைப்பு இல்லை, வியாதி. அவள் பேசி முடிப்பதற்குள் பேனாவைத் திறந்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: அந்த மனை மழைக்காக ஏங்கிக்கொண்டு

(மனை எதற்கும் ஏங்காது. விட்டுவிட்டேன்.)

இரண்டாவது: துளை போடுகிறவர் கிளம்பப் பறந்தார். "காஞ்சு கிடக்கு மேடம், போலாமா?" என்றார் கள்ளச் சிரிப்போடு. என்ஜினீயர் ஏமாந்தாள்.

அக்கா எட்டிப் பார்த்துப் படித்தாள்.

"அந்த மனுஷன் மேல ஏன்டா பழியப் போடுற? நாளைக்கும் வரேன்னுதான் சொன்னாரு. நான்தான் வேணாம்னேன்."

வில்லன் போய்விட்டார். கதைக்கு நஷ்டம்தான்.

3

ஆகவே உள்ளது உள்ளபடி.

களிமண்ணில் தண்ணீர் அவசரப்படாது. துளை போட்டவுடன் பார்த்தால் காய்ந்துதான் தெரியும். ஊறி வர ஒரு நாளாவது ஆகும். மறுநாள் திரும்பப் போய் அளவு நாடாவை இறக்கிப் பார்க்க வேண்டும். இதைப் பத்தொன்பது வருடமாக மற்றவர்களுக்கு வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருப்பவளே அவள்தான். துளை போட்ட அன்றைக்கு அது அந்த வாரத்தின் ஐந்தாவது மனை. கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. படிவத்தில் 'மறுநாள் அளவு' என்ற கட்டத்தில் அன்றைக்கே 'தண்ணீர் இல்லை' என்று எழுதிவிட்டாள்.

(இதற்கு ஆழமான காரணம் ஒன்று வைக்க ஆசைப்பட்டேன். ஏதாவது ஒரு பழைய துயரம். அப்படி எதுவும் இல்லை. அவளுக்கு அசதி, அவ்வளவுதான்.)

நேற்று அந்தப் பக்கம் போனவள், மூடாமல் விட்டிருந்த ஒரு துளையில் சும்மா நாடாவை விட்டுப் பார்த்தாள். ஐந்தடியில் தண்ணீர் நின்றது. அங்கே ஒரு சிறிய மருத்துவமனை வரப்போகிறது. நிலவறைக்காகப் பன்னிரண்டடிப் பள்ளம். நாளை காலை தோண்டத் தொடங்குகிறார்கள். ஊறிய களிமண் உள்ளே நிற்கிற ஆட்கள் மேல் சரியலாம். உண்மையைச் சொன்னால் அக்காவின் வேலை போகலாம். நேற்றிலிருந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறாள்.

4

முடிவு ஒன்று: அவள் சொல்லவில்லை. எதுவும் நடக்கவில்லை. (இப்படியும் நடக்கும். எனக்குப் பயமே அதுதான்.)

முடிவு இரண்டு: அவள் சொல்கிறாள். ஆபீஸ் மேனேஜர் அவள் நேர்மையைப் பாராட்டி... (எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது.)

முடிவு மூன்று: பத்து மணிக்குப் பள்ளத்தில் இறங்கியவர்களில் ஒருவர்

[இதை முடிக்கவில்லை. அக்கா பக்கத்தில் இருக்கிறாள்.]

5

"நீதான் நல்லா எழுதுவியே. மேனேஜர்கிட்ட என்ன சொல்லணும்னு எழுதிக் குடு. பாத்துப் படிச்சிடுறேன்."

எழுதினேன்.

எதிர்பாராத விதமாக நீர்மட்டம் உயர்ந்திருப்பதாகத் தெரியவருகிறது.

கோடு போட்டு அடித்தாள்.

கால அவகாசம் போதாமையால் நேர்ந்த ஒரு சிறு

அதையும் அடித்துவிட்டுப் பேனாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இதுல எங்கேயும் நான் இல்லையேடா."

எனக்கு அழுகை வந்தது. ஊரார் துயரத்தையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியவனுக்கு, கூடப் பிறந்தவளுக்கு உதவ ஒரு வரி வரவில்லை.

அவள் எண்ணை அழுத்திவிட்டாள். மணி போகிறது. எடுத்துவிட்டார்கள்.

"சார், நான்தான்..."

இதற்கு மேல் எழுத மாட்டேன். நான் எழுதினால் அவளுக்காகக் கொஞ்சம் பொய் சொல்லிவிடுவேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போகிறேன். நீங்களும் எழுந்து வாருங்கள், அவள் பேசட்டும்.